சாதாழை தின்ற இலுப்பை

மரநடுகைச் சங்கத் தலைவர் தில்லைநாதனுக்கு மரத்தில் தெரிந்தது கதிரை மட்டுந்தான். பன்னிரண்டு வருசமாய் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார். கரம்பொனில் சங்கத்தின் நாற்றுமேடையைப் பார்க்கிற சிவரூபி விவசாயம் படித்தவள், அவளுடைய வீட்டில் கம்பஸ் வாசல் மிதித்த முதல் ஆள். தலைவருக்கு அவள் 'தண்ணி ஊத்துற பிள்ளை'.

இலுப்பை விதை விழுந்த கையோடு ஊன்றவேண்டும். தவறினால் அடுத்த ஆடிதான். ஆட்டெருவும் மக்கின குழையும் பனங்கொட்டைக் கரியும் கலந்து நானூறு பை நிரப்பி முளைக்கவைத்திருந்தாள். கரியைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க நாற்பதை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள்.

காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டு வந்தால், மேடையில் மிச்சப் பைகளெல்லாம் கடல் நாற்றம். கரையொதுங்கிய கடற்புல்லான சாதாழையை வெட்டித் திணித்திருந்தார்கள். இலையோரம் கருகியிருந்தது.

"ஆர் போட்டது?"

"நான்தான் போடச் சொன்னனான்," என்றார் தில்லைநாதன். "சனிக்கிழமை காசு அனுப்புற எங்கட கனடாக்காரர் கன்று நட வருகினம். அதுக்குள்ள வளரட்டும் எண்டுதான். எங்கட அப்பு இதைப் போட்டுத்தான் தென்னை வளர்த்தவர்."

"உங்கட அப்பு அதைக் கும்பியாக் குவிச்சு, ஒரு மாரி முழுக்க மழையில கழுவ விட்டவர். பிறகுதான் போட்டவர். அதுவும் வளந்த தென்னைக்கு."

"உப்பில்லாமல் எந்த உயிர் இருக்குது, பிள்ளை?"

அவள் பைக்குள் கைவிட்டு ஒரு பிடி மண்ணை அள்ளி நீட்டினாள். "அப்ப இதை வாயில போடுங்கோ, ஐயா."

அவர் போடவில்லை. போன் வந்ததுபோல எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

பவுசர் வண்டியில் வந்த நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை முந்நூற்று அறுபதும் செத்துத் தடியாகிவிட்டது. அன்று பின்னேரம் தலைவர் அவளுடைய வீட்டு வேலியில் நின்றார்.

"உம்மட்ட நாற்பது கிடக்காம். நாளைக்குச் சாட்டிக் கடற்கரையில நடுவம்."

"அங்க உப்புக்காத்து. தப்பினதை மாடு தின்னும்."

"படம் எடுத்தாப்பிறகு தின்னட்டுமன்."

"தரமாட்டன்."

"வேலை வேண்டாமோ?"

"கன்று தரமாட்டன் எண்டனான்."

சனிக்கிழமை தலைவர் கருகின இலைகளை உருவிவிட்டு, செத்த கன்றுகளையே சாட்டிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். தொப்பி போட்ட கனடாக்காரர் தடியைப் பிடித்துக்கொண்டு படத்துக்குச் சிரித்தார்கள். அவர்களில் ஒரு பெண் மட்டும் குனிந்து பார்த்தாள்.

"அண்ணை, இது இலை உதிர்க்கிற காலமோ?"

"ஓம், ஓம்," என்றார் தில்லைநாதன்.

"இல்லை அக்கா," என்றாள் சைக்கிளில் வந்து நின்ற சிவரூபி. "செத்துப்போச்சு. நீங்கள் நடுகிறது விறகு."

அந்தப் பெண் தடியை இழுத்தாள். மறுக்காமல் வந்தது. வேர் கறுத்திருந்தது.

"உயிரோட ஒண்டும் இல்லையோ?"

"நாற்பது கிடக்கு. மாரி பிடிச்சாப்பிறகு நல்ல மண்ணில வைப்பன். படம் இராது."

"திங்கட்கிழமை நீர் வராதையும்," என்றார் தலைவர், பல்லுக்குள்ளால்.

"வந்து எதுக்குத் தண்ணி ஊத்துறது?"

அவள் சைக்கிளை எடுத்தாள். பின்னால் மற்றவர்கள் மிச்சத் தடிகளையும் வரிசையாக நட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிப் படம் எடுத்தாயிற்று, இடையில் விடுவது மரியாதையில்லையாம்.