படகுக்குள் வந்த தண்ணீர்

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு துருவக்கூடாது. தொண்ணூற்று நாலில், கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில், ஒரு லாரிக்குப் பின்னால் என் ஸ்கூட்டர் மாட்டிக்கொண்டது. லாரியில் நூல் மூட்டை இல்லை, தறி இல்லை. ஒரு பாய்மரப் படகு. கொச்சியிலிருந்து வருகிறதாம். "அணைக்குப் போகுதுங்க. ஒருத்தரு அதுலயே குடியிருக்கப் போறாராமா" என்றார் டிரைவர். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் சேர்த்தது.*

(*அணையில் குடியிருக்க விடுவார்களா என்று கேட்பீர்கள். விடமாட்டார்கள். என் கதையில் விட்டுவிட்டார்கள், ஆளை விடுங்கள்.)

2

முதல் தொடக்கம்: அந்திச் சூரியன் அணைநீரில் பொன்னை உருக்கி ஊற்ற—

சீ! இப்படி எழுதுகிறவனை நானே நம்பமாட்டேன்.

இரண்டாவது: தம்பிதுரை கோயமுத்தூரில் பாதி ஆயுள் பம்புசெட் செய்தவர். பட்டறையை மகன்களிடம் கொடுத்தார். கொடுத்த கையோடு அவர்களுடன் சண்டை. "உங்க ஊட்டுக் கூரைக்கடியில இனி ஒரு வாய் சோறு திங்கமாட்டேன்" என்று கிளம்பியவர், கூரையே வேண்டாம் என்று படகு வாங்கிவிட்டார். மனைவி ராசாத்தாளும் கூடவே வந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது.

இது பரவாயில்லை. இருக்கட்டும்.

3

பழைய படகில் குடியிருப்பவர்களுக்கு ஓய்வு கிடையாது. தம்பிதுரை பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, தேங்காயெண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுவார். ராசாத்தாள் காற்றுக்குக் கிழிந்த படகுப் பாய்க்குத் தறித்துணியை ஒட்டுப்போட்டுத் தைப்பாள். அந்தப் பக்கம் அடைத்தால் இந்தப் பக்கம் கேட்கும்.

ஒரு சொம்புத் தண்ணீர் உள்ளே கசிந்தது. கோயமுத்தூர்க்காரர் வேறென்ன செய்வார்? சின்ன மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்து பம்பு போட்டார். உறிஞ்சும் முனையில் தண்ணீர் திரும்பாமல் பிடிக்கிற ஃபுட்வால்வு, படகின் அடியில் கொள்ளவில்லை, கழற்றிப் போட்டார். வெளியே ஊற்றும் பைப்பைத் தாழ்த்தி, முனையை அணைத் தண்ணீருக்குள் முங்கவிட்டார். பைப்பைத் தூக்கினால் எஞ்சினுக்கு லோடு. தோட்டம் தோட்டமாகப் போய் அவர் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

இடுக்கெல்லாம் அடைத்தாயிற்று. சாயங்காலம் சுத்தமாக இறைத்துவிட்டுப் படுப்பார். விடிந்தால் கணுக்கால் அளவு தண்ணீர்!

4

யார் வேலை? எனக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. படகைப் பார்த்து முடித்துக் கொடுத்தவர் உக்கடத்து மர வியாபாரி சிக்கந்தர். அவரை ஏமாற்றுக்காரர் ஆக்கினால் கதை வழுக்கிக்கொண்டு ஓடும், நீங்களும் உடனே நம்பிவிடுவீர்கள். அப்படி நம்பிவிடுவீர்கள் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எழுதியதை அடித்துவிட்டேன். சிக்கந்தர் பார்த்துக் கொடுத்தது நல்ல மரம்.

மிச்சம் ஒருத்திதான்.

படகின் அடியில் ஒரு தக்கை உண்டு. கரையில் ஏற்றும்போது தண்ணீர் வடிவதற்காக அதைத் திருகிக் கழற்றுவார்கள்.

"தக்கையத் தொட்டியா?" என்றார் தம்பிதுரை.

"நானெதுக்குங்க அதைத் தொடறேன்?"

"பசங்ககிட்டப் போகோணும்னு உனக்கு ஆசை. படகு முழுகிருச்சுன்னா நானும் பின்னாலயே வருவேன்னு கணக்குப் போடற."

"நீச்சல் தெரியாதவ, தான் படுத்திருக்கற படகையே முழுக வெப்பாளுங்களா? நல்லா இருக்குதுங்க உங்க நாயம்!"

சரியான கேள்வி. ஆனால் சந்தேகம் பிடித்தவன் காதில் எது ஏறும்? தக்கைமேல் நூல் சுற்றி முடிச்சுப் போட்டார். காலையில் முடிச்சு அப்படியே இருந்தது. தண்ணீரும் இருந்தது.

"பாய் தைக்கறவதான? அவுத்துப்போட்டு அதே மாதிரி முடிஞ்சிருப்ப" என்றார். "நாளைக்கும் தண்ணி நின்னுச்சுன்னா, காங்கேயத்துல உங்கண்ணன் ஊட்டுக்குக் கெளம்பிரு."

ராசாத்தாள் பாய் தைக்கும் ஊசியை டப்பாவில் போட்டு மூடினாள். எழுதியவன் நான்தான், எனக்கே அந்த ஆளைப் பிடிக்கவில்லை.

[ஒரு வரைவில் அவள் நிஜமாகவே எழுந்துபோய், மெல்லக் குனிந்து, தக்கையை— இல்லை. அவள் செய்யமாட்டாள். இரண்டு பக்கம் கிழித்துப் போட்டேன்.]

5

அன்று சாயங்காலம் இறைத்து முடித்து எஞ்சினை நிறுத்தினார். தக்கையைத் திருக அவள் ஸ்பேனரை எங்கே ஒளித்திருக்கிறாள் என்று தேட, அடிப்பலகையைத் தூக்கிக் குனிந்தார். உறிஞ்ச வேண்டிய பைப் கக்கிக்கொண்டிருந்தது. தடுக்க ஃபுட்வால்வு இல்லாததால், வெளியே முங்கிக்கிடந்த முனை வழியாக அணைத் தண்ணீர் திரும்பிவந்து படகுக்குள் கொட்டியது. எங்காவது காற்று புகுந்து அறுபடும்வரை கொட்டும்.

ஓடிப்போய் வெளிமுனையைத் தண்ணீருக்கு மேலே தூக்கினார். நின்றுவிட்டது.

"அம்மணி! கண்டுபுடிச்சுப்போட்டேன்! நம்ம பைப்புதான்!" சேவற்கட்டில் ஜெயித்தவர் மாதிரி சிரித்தார். பைப்பை உயரத் தூக்கிக் கட்டினார்.

ராசாத்தாள் சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் நிறுத்தவில்லை.

"அதான் கண்டுபுடிச்சாச்சே, இன்னும் என்னத்த மடிக்கற?"

"சரிங்க. பைப்பத் தூக்கிக் கட்டிப்போட்டீங்க. நாளைக்கு வேற எங்கியாச்சும் தண்ணி வந்துச்சுன்னா, மொதல்ல யாரைக் கேப்பீங்க?"

6

தம்பிதுரையின் பதில்:

"மொதல்ல பைப்பத்தான்—" பொய்.

"அட உடு அம்மணி, ஏதோ கோவத்துல—" இதைச் சொன்னால் அடுத்த நிமிஷம் இறங்கிவிடுவாள்.

தம்பிதுரை கண் கலங்கி— மாட்டார். அந்த ஆளை எனக்குத் தெரியும்.

என்னால் முடியவில்லை. நீங்களே சொல்லுங்கள். தக்கை என்றதும் உங்களுக்கும் அவள்மேல்தானே சந்தேகம் போயிற்று? மழுப்பாதீர்கள். அதனால் அவருக்குப் பதிலாகப் பேச உங்களைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

படகிலிருந்து கரைக்குப் பலகை போட்டிருக்கிறது. ராசாத்தாள் பையோடு அதன் பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்க்கிறாள். யோசித்தே சொல்லுங்கள். ஆனால் ரொம்ப நேரம் யோசித்தால், அதையே பதிலாக எடுத்துக்கொள்வாள்.