விமர்சனம் வரவேற்கப்படுகிறது

சமூகத்தை விமர்சிக்கும் சாஸ்திரத்தையே பேராசிரியர் ப்ரூக்மன் புரட்டிப் போட்டுவிட்டார் என்று பிராங்க்ஃபர்ட்டில் சொல்லாத வாய் இல்லை. அந்த வாய்களில் பாதி, அவர் போட்டுக்கொடுத்த வேலையில் சாப்பிடுபவை. அவருக்கு முந்தியவர்கள் அதிகாரத்தை ஆலையிலும் கூலியிலும் தேடினார்கள். இவரோ, கீழே இருப்பவன் மேலே இருப்பவனைக் கேட்கும் கேள்வியில்தான் விடுதலை பிறக்கிறது என்று மூன்று தடித்த பாகங்கள் எழுதினார். கீழே இருப்பவன் எவனாலும் அவற்றைத் தூக்கக்கூட முடியவில்லை.

அவருடைய உதவியாளர் ஹெட்விக் மெர்ட்டன்ஸ் அதை நம்பித் தொலைத்தாள். கோடையோடு அவள் வேலை ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்க அவர் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் சொந்த ஊர் காஸ்ஸெலில் அப்பாவின் செருப்புக் கடைதான் கதி. ஆனாலும், "என்னை விமர்சிக்காதவங்க என் மாணவரே இல்ல" என்று அவர் வாய்க்கு வாய் சொன்னதால், கருத்தரங்கில் அவரையே விமர்சித்துக் கட்டுரை படிக்கப் பெயர் கொடுத்துவிட்டாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றான் இன்னொரு உதவியாளன் வோல்க்மார், மாடிப்படியில்.

"அவரே கேட்டாரே."

"மாமியார்கூடத்தான் சமையல்ல குறையிருந்தா சொல்லுங்கறா. சொல்லுவியா? போன மாசம் நான் விமர்சிச்சேனே, பாத்தியா? 'ஐயா, உங்க புத்தகத்துல அடக்கம் ரொம்ப அதிகம்'னேன். மனுஷன் உருகிட்டார்."

கருத்தரங்கு நாளில் ஹெட்விக் எழுந்து படித்தாள். "இந்த அறையில் நாங்கள் எதைக் கேட்டாலும், 'அது என் இரண்டாம் பாகத்தில் இருக்கிறது' என்பதே பதில். கேட்டதால் இங்கே விடுதலை அடைந்தவர் யார்?"

பேராசிரியர் புகைத்துக்கொண்டிருந்த சுங்கானை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பிரமாதம்!" என்று எழுந்தார். "என் தத்துவம் இன்னைக்கு ஜெயிச்சிருச்சு. கீழ இருந்து கேள்வி வந்திருச்சு பாருங்க! டாக்டர் மெர்ட்டன்ஸ், இவ்வளவு வளந்த உங்களை இனியும் என் நிழல்ல கட்டி வைக்க நான் யாரு? அந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டா நான் எழுதினதுக்கு நானே துரோகி. கோடையிலிருந்து நீங்க சுதந்திரமானவங்க!"

மாணவர்கள் பரவசத்தோடு, கைதட்டுவதற்குப் பதிலாக அங்கே வழக்கம்போல, விரல்முட்டியால் மேசைகளைத் தடதடவென்று தட்டினார்கள். அவர் பேசி முடித்தால் தட்டுவது ஹெட்விக்கின் கைக்கும் ஊறிப்போன பழக்கம். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் தன் வேலை போனது அவளுக்கு உறைத்தது.

வோல்க்மார் அவள் பக்கம் சாய்ந்தான்.

"நல்லா கேட்ட, நிஜமா. உன் அறைக்குத்தானே ரெண்டு ஜன்னல்? எப்போ காலி பண்ற?"