மெழுகிய குழி

ஆவடி வரும்போதெல்லாம் பரந்தாமன் ரயிலில் ஜன்னலோரம் வந்து நின்றுகொள்வான். முள்வேலிக்குள் பட்டாளத்துக் கொட்டகைகள் வரிசையாகத் தெரியும். அவற்றுக்கடியில் எங்கேயோதான் அவன் ஆராய்ச்சிக்காகத் தோண்டிய குழி. நாற்பத்திரண்டில் மூடினார்கள். நாலு வருஷம் ஆகியும் அவனால் அதை மறக்க முடியவில்லை.

அடடா, என்ன நாட்கள் அவை! மேனாம்பேட்டிலிருந்து விடியும்போதே சைக்கிளை மிதித்து வந்துவிடுவான். மண் தோண்டும் கூலியாட்களான துலுக்கானமும் அவன் பெண்சாதி பூங்காவனமும் கூடை, கடப்பாரையோடு அதற்கு முன்பே வந்திருப்பார்கள். பத்து மணிக்குக் கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ள வெங்காயம். "கூழு குடிச்சா படிப்பு ஏறாதுன்னு எவனாவது சொன்னானா நைனா? குடி" என்று பூங்காவனம் அவனுக்கும் ஊற்றுவாள். அவனைப்போல் சந்தோஷமாக எம்.லிட். ஆராய்ச்சி செய்தவன் பல்கலைக்கழகத்திலேயே இருந்திருக்கமாட்டான்.

ஆதிகாலத்து மனிதர்கள் செதுக்கிய கல்கோடாரி எந்த மண் அடுக்கில் கிடக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. மேலே செம்மண், அதன்கீழ் சரளை, அப்புறம் மஞ்சள் களி, அடியில் கூழாங்கல். கோடாரிகள் கிடைத்தது அந்த அடிக் கூழாங்கல்லில். ஆனால் இவன் சொன்னால் ஆச்சா? மேலே கிடந்தது உருண்டு விழுந்திருக்கும் என்று எவனும் சொல்லிவிடலாமே! பேராசிரியர் வந்து குழியின் சுவரில் நாலு அடுக்கையும் கண்ணால் பார்த்தால்தான் பட்டம். போதாக்குறைக்கு யுத்தம். திங்கட்கிழமை நிலத்தைப் பட்டாளம் எடுத்துக்கொள்ளும் என்று தாக்கீது வந்துவிட்டது. சனிக்கிழமை காலை வருவதாகவும் பகல் வண்டிக்கே திரும்பவேண்டும் என்றும் பேராசிரியர் சொல்லியனுப்பினார்.

வெள்ளிக்கிழமை குழிப்பக்கம் போகாமல் பட்டணத்திலேயே தங்கிவிட்டு, சனிக்கிழமை அவரை மாட்டுவண்டியில் அழைத்து வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தான். உயிரே போய்விட்டது. நாலு சுவரையும் செம்மண்ணும் சாணியும் குழைத்து மழமழவென்று மெழுகியிருந்தது. ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு வேறு!

"பெரிய மனுசரு வர்றாருன்னியே நைனா" என்றாள் பூங்காவனம், முகமெல்லாம் பெருமை. "செவுரு திட்டுத்திட்டா அசிங்கமா கீது. அப்பிடியே உட்டா நம்மள இன்னா நெனப்பாரு? நேத்து பூரா குந்திக்கினு மெழுகனேன்."

அவளைச் சொல்லி என்ன பண்ண? நாலு மாசமாகத் தோண்டு தோண்டு என்றானே தவிர, எதற்கென்று அந்தப் படித்த மேதாவி ஒருநாள் வாயைத் திறந்தானா?

"பாழாப்போனவளே! என் படிப்பையே மெழுகிட்டியேடி!" என்று கத்தினான். கத்தியை எடுத்துச் சுரண்டினான். ஈரச் செம்மண் எல்லா அடுக்கிலும் ஊறி ஒரே நிறமாக இருந்தது. பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பூங்காவனம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். "தள்ளு நைனா. இன்னா தெரியணும் உனுக்கு? உள்ள கீற மண்ணா?" துலுக்கானத்திடம் கடப்பாரையை வாங்கி, சுவரை ஒரு முழம் உள்ளே தள்ளி, மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வந்தாள்.

"இத்தோட செம்மண்ணு சரி. இப்போ கரகரங்கும் பாரு, சரள. தை மாசம் இத்த வெட்டறப்பதான் கையெல்லாம் பொத்துப்போச்சு. இனிமே களி." அவள் சொல்லச் சொல்ல அடுக்கு அடுக்காகப் புது மண் தெரிந்தது. பேராசிரியர் வேட்டி அழுக்காவதைக்கூடப் பார்க்காமல் குழிக்குள் இறங்கிவிட்டார். அடியில் கூழாங்கல் வந்ததும் டங்கென்று சத்தம். பூங்காவனம் கையை எடுத்துவிட்டாள். பாதி வெளியே, பாதி மண்ணுக்குள்ளே, ஒரு கல்கோடாரி.

"பேஷ்!" என்றார் பேராசிரியர். "இதுக்குமேல சாட்சி எதுக்கய்யா?"

பரந்தாமனுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் போனபிறகு பூங்காவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். எதற்காகத் தோண்டினோம் என்பதையும் அன்றைக்குத்தான் உட்கார்ந்து சொன்னான்.

"அப்போ புஸ்தவம் எழுதுவியா? அதுல எம் பேரு போடுவியா நைனா?"

"உன் பேர் இல்லாமலா?"

எழுதத்தான் எழுதினான். பேராசிரியர் அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்து, கூலியாட்கள் பேரெல்லாம் போடுகிற வழக்கமில்லை, பரீட்சகர் சிரிப்பார் என்றார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

போன வாரம் அம்பத்தூரில் அவன் ஏறிய பெட்டியில் பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்துவிட்டது. துலுக்கானம் போய்ச் சேர்ந்துவிட்டானாம். நலம் விசாரித்து முடிப்பதற்குள் கேட்டுவிட்டாள்.

"புஸ்தவத்துல எம் பேரு கீதா நைனா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"கீது" என்றான்.

பூங்காவனம் எதிரே இருந்த அம்மாளின் தொடையில் தட்டினாள். "கேட்டியாம்மா? எம் பேரு புஸ்தவத்துல கீதாம்! படிச்சவங்கல்லாம் படிக்கிறாங்களாம்!"

அந்த அம்மாள் கொஞ்சம் எழுத்துத் தெரிந்தவள்போலிருக்கிறது. பரந்தாமனை நிமிர்ந்து பார்த்து, "அப்படியா தம்பி? எத்தனாவது பக்கத்துல?" என்று கேட்டாள்.