தகவல் வராவிட்டால்

அண்ணன் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவன் விட்டுப்போன சொத்து ஆறடிக் கண்ணாடித் தொட்டி, ஏழு மீன்கள், இவற்றைக் கட்டி மேய்க்க, ஹீட்டரையும் விளக்கையும் தானே போட்டு அணைக்கும் ஒரு கன்ட்ரோலர் பெட்டி. மனிதர்களை நம்பாத அண்ணன் அந்தப் பெட்டியை நம்பினான். இப்போது மீன்கள் மூன்றுதான். நான்கு பேர் இந்த வாரத்தில் மிதந்தார்கள்.

"தண்ணி ஐஸா இருக்கு தம்பி. மேனேஜரும் சாய்ஞ்சுட்டாரு. இன்னிக்கு சரி பண்ணலேன்னா அவரும் போய்டுவாரு" என்றாள் அண்ணி போனில்.

மேனேஜர் தொட்டியிலேயே பெரிய மீன். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் முறைப்பதால் அண்ணன் வைத்த பெயர்.

மதியம் போய்த் தொட்டிக்குக் கீழேயிருந்த அலமாரியைத் திறந்தேன். எட்டு சாக்கெட் கொண்ட நீளப் பலகை. ஒவ்வொரு பிளக்கிலும் அண்ணன் கையெழுத்தில் ஒரு சீட்டு: ஹீட்டர், பம்ப், நிலா. நிலா என்பது இரவுக்கான நீல விளக்கு. ஹீட்டரைப் பிடுங்கிச் சுவரில் செருகினேன், சூடானது. பலகையிலேயே திரும்பச் செருகினேன், அப்போதும் சூடானது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுவிடும் நோயாளி மாதிரி எல்லாம் ஒழுங்காக இருந்தது.

அண்ணி வந்து அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டக்.

ஹீட்டர் அணைந்தது. பட்டப்பகலில் நீல விளக்கு எரிந்தது. நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அண்ணி திடுக்கிடவில்லை. விளக்கைப் பார்த்து, வாசலில் தெரிந்த ஆளைக் கண்டவள் போல லேசாகத் தலையசைத்தாள்.

"எந்திரிங்க அண்ணி."

டக். விளக்கு அணைந்தது.

"உக்காருங்க."

டக்.

"என்ன தம்பி, எனக்கு டிரில் எடுக்கறியா?"

தரையில் படுத்துப் பார்த்தேன். கன்ட்ரோலரிலிருந்து பலகைக்குப் போகும் மெல்லிய கேபிளின் மேல் நாற்காலியின் பின்னங்கால் நின்றது. ஆள் உட்கார்ந்தால் கேபிள் நசுங்கித் தொடர்பு அறுந்தது. அப்படி அறுந்தால் பலகை தானாக என்ன செய்ய வேண்டும் என்று அண்ணன் முன்பே எழுதி வைத்திருந்தான். அண்ணியின் போனில் கன்ட்ரோலரின் ஆப்பைத் திறந்து படித்தேன்.

என்னிடமிருந்து தகவல் வராவிட்டால்: ஹீட்டர் அணையட்டும். பம்ப் ஓடட்டும். நிலா எரியட்டும்.

தண்ணீர் கொதித்துவிடக் கூடாது என்று முதலாவது. வீட்டில் யாராவது கவனிக்கட்டும் என்று கடைசி. இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்க முடியவில்லை. அவன் குரல் வந்துவிட்டது.

"கேபிள்தான் அண்ணி. நாற்காலிய நாலு விரல் தள்ளிப் போட்டா போதும்."

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"அவர் போன மொத வாரத்திலேர்ந்து. நான்தான் நாற்காலிக் கால அதுமேல தூக்கி வைக்கிறேன்." தொட்டியைப் பார்த்தபடி சொன்னாள். "டீ குடிக்கிற நேரம் மட்டுந்தான் உக்காந்துட்டிருந்தேன். இப்பல்லாம் எந்திரிக்க மனசு வரமாட்டேங்குது. ராத்திரி வரைக்கும் ஆயிடுது. அதான் அதுங்க..."

மேனேஜர் சாய்ந்தபடியே வாயைத் திறந்து மூடினார்.

"டீ நேரத்துக்கு, நாலு மணிக்கு நிலா தானா எரியற மாதிரி வச்சுத் தரேன் அண்ணி."

"நீ வச்சா நீ வச்சதாத்தான் இருக்கும்."

போனை அவள் பக்கத்தில் வைத்தேன்.

"தள்ளிப் போட்டுடு. அவர் வளத்ததுங்க" என்றாள். சொன்னாளே தவிர, எழவில்லை. இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியிருந்தாள்.

நான் நாற்காலியைத் தொடவில்லை. ஹீட்டரைப் பலகையிலிருந்து கழற்றிச் சுவர் சாக்கெட்டில் நிரந்தரமாகச் செருகினேன். சூட்டைக் கட்டுப்படுத்த அதற்கே சொந்தத் திருகு உண்டு, இருபத்தாறு டிகிரியில் வைத்தேன். நசுங்கிய கேபிளை அப்படியே விட்டேன். கோளாறைக் கண்டுபிடித்து, அதைப் பத்திரமாகப் பாதுகாத்த முதல் மெக்கானிக் நானாகத்தான் இருப்பேன்.

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். மேனேஜர் மெல்ல நிமிர்ந்தார்.

"மொறைக்கிறாரு" என்றாள் அண்ணி. கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு நீல வெளிச்சத்தின் பக்கம் திரும்பி, சாதாரணமாக, வீட்டில் பேசும் குரலில் சொன்னாள்:

"உங்க தம்பி வந்திருக்கான். தலையப் பாருங்க, காடு மாதிரி."

அந்த விளக்கு ஏன் எரிகிறது என்று என்னால் படம் போட்டு விளக்க முடியும். ஆனாலும் கை தானாகப் போய் முடியைப் படிய வைத்தது.