பதினான்கு எழுத்துக்குள் அடங்காதவன்

நாற்பத்தொரு வாக்குமூலங்களைக் கணினியில் தட்டியிருந்தாள் அஸ்னா. திரையில் முப்பத்தாறு கோப்புகளே இருந்தன.

பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டவர்களைப் பற்றி உறவினர் சொன்னவை அவை. ஆளுக்கொரு கோப்பு, தந்தையின் பெயர் முன்னே, ஆளின் பெயர் பின்னே, ஆங்கில எழுத்தில். சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து, தட்டி முடித்த தாள்களை அன்றன்றே அடுப்பில் போட்டுவிடுவாள். நான்கு மணிக்கு விசாரணைக்குழுவினர் கல்முனைக்கு வந்து பிளொப்பியை வாங்கிப் போவார்கள். அதில் இல்லாதவரை யாரும் தேடப் போவதில்லை.

பேராதனையிலிருந்து அந்தப் புதிய இயங்குதளத்தைக் கொண்டுவந்து ஏற்றிய அவளது அண்ணன், முபாறக் காக்கா, பட்டியலை இரண்டு தடவை பார்த்தான்.

“பதினாலு எழுத்துக்கு மேல பேர் வாங்காது இது. மிச்சத்த வெட்டிரும்.”

“வெட்டினா சொல்லோணுமே. சேமிச்சாச்சு எண்டல்லவா காட்டிச்சு?”

“கேர்னல் எண்ட உட்கருவுக்குள்ள கோப்புப் பாக்கிற பகுதிய அப்பிடித்தான் எழுதி வெச்சிரிக்கானுகள். அவனுகள்ற ஊர்ல வாப்பாட பேர் பின்னுக்குத்தானே வாற. நமக்கு வாப்பா முடியிறத்துக்குள்ள பதினாலும் முடிஞ்சிரும்.”

மீராமுகைதீன்பாவா சரீப். மீராமுகைதீன்பாவா றபீக். முதல் நாள் மூத்தவனைத் தட்டினாள், மறுநாள் இளையவனை. வெட்டுப்பட்டபின் இருவருக்கும் ஒரே பெயர். தம்பியின் கதை சத்தமில்லாமல் மூத்தவனின் கதைமேல் எழுதப்பட்டுவிட்டது. இப்படி ஐந்து குடும்பங்கள்.

அழிந்ததை மறுபடி கேட்டெழுத, நான்கு வீடுகளுக்கு முபாறக் சைக்கிளை மிதித்தான். அஸ்னா சாய்ந்தமருதுக்கு ஓடினாள்.

சரீப்பின் உம்மா பாத்தும்மா வாசலுக்கு வந்தாள்.

“மாமி, சரீப் அண்டைக்கு என்ன உடுத்திருந்தாரு? இன்னொருக்காச் சொல்லுங்க.”

“றபீக்?”

“அவர்ர இரிக்கி. சரீப்புட மட்டும் சொன்னாக் காணும்.”

பாத்தும்மாவின் கை கதவு நிலையைப் பற்றியது. “மவுத்தெண்டு சொல்லிட்டானுகளா?”

“இல்ல மாமி. பெட்டிக்குள்ள பேர் நீளமாப் போய் அழிஞ்சிட்டு.”

“பேர் நீளமெண்டு ஆர் புள்ள அழிப்பான்? நீ எழுதின தாள் எங்க?”

“எரிச்சிட்டன்.”

“ரெண்டு பேர்ல ஒருத்தன மட்டும் கேட்டு வந்தா என்ன எண்டு எனக்கு விளங்காதா?”

அவள் உள்ளே போய்ப் பாயில் விழுந்தாள். அஸ்னா கூப்பிட்டும் எழும்பவில்லை. வேலிக்கப்பால் ஒரு பெண் முக்காட்டை இழுத்துக்கொண்டு, இறப்புச் செய்திக்கு ஓதும் “இன்னாலில்லாஹி” என்று முணுமுணுத்தாள். அடுத்த வீட்டு வளவிலும் அதே முணுமுணுப்பு எழுந்தது.

மணி மூன்றரை. அஸ்னா வாசற்படியில் குந்தி, நினைவிலிருந்து எழுதத் தொடங்கினாள். நீலச் சேட்டு.

சரீப் உடுத்திருந்ததா, றபீக் உடுத்திருந்ததா? கேட்கக்கூடிய ஒரே ஆள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள்.