அரைப் பக்க மன்னிப்பு

அக்காவின் கணவர் இருபது வருடமாகத் தன் மச்சினியை "நீ, வா, போ" என்றுதான் பேசுவார். வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் வாயாடி. அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். அன்று மருத்துவமனையின் கூட்ட அறையில், நிர்வாகக் குழு முழுவதும் உட்கார்ந்திருக்க, அவள் பக்கம் கையைக் காட்டி, "அந்த விளம்பரத்தை முடிவு பண்ணினது அவங்கதான்" என்றார். 'அவங்க' என்ற அந்த ஒரு மரியாதையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது, கழுத்தில் கத்தி இறங்கிவிட்டது என்று.

அவர் அந்த மருத்துவமனையின் நிர்வாக இயக்குநர். விளம்பரமும் மக்கள் தொடர்பும் அவள் பொறுப்பு. அவர் அந்தப் பதவிக்கு வருவதற்கு ஐந்து வருடம் முன்பே அவள் அங்கே வேலை பார்த்தவள். ஆனாலும் ஊர் வாய், 'மச்சினிக்கு வேலை போட்டுக் கொடுத்திருக்கார்' என்றுதான் சொல்லும்.

விஷயம் இதுதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு மருத்துவமனை முளைத்தது. கண்ணாடிச் சுவர், கைபேசியிலேயே முன்பதிவு, ஹோட்டல் மாதிரி வரவேற்பு. ஆறே மாதத்தில் இங்கே மூன்றில் ஒரு கட்டில் காலி. அத்தான் பதறிப்போனார். ஒரு நாள் அவள் அறைக்கு வந்து கதவைக்கூடச் சாத்தாமல், "அவசர சிகிச்சைக்கு வந்தா பத்தே நிமிஷத்துல டாக்டர்! பேப்பர்ல அரைப் பக்கம் போடு" என்றார்.

"அத்தான், இருக்கிறது ரெண்டு டாக்டர். சராசரியா நாற்பத்தேழு நிமிஷம் ஆகுது. தலைமை நர்ஸ் எழுதி வெச்சிருக்காங்க."

"எவன் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கப் போறான்?"

அச்சுக்குப் போகும் பிரதியில் அந்த வரியைக் கோடு போட்டு அடித்து அனுப்பினாள். அவர் பச்சை மையில், 'பத்து நிமிடம் என்றே இருக்கட்டும்' என்று எழுதி, கையெழுத்தும் போட்டுத் திருப்பி அனுப்பினார். அப்போதே வேலையை உதறியிருக்க வேண்டும். அவள் உதறவில்லை. விளம்பரம் வந்தது.

மூன்றாவது வாரம் ஒரு பள்ளி வேன் ஓட்டுநர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு மணி நாற்பது நிமிடம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், உட்கார்ந்த வாக்கிலேயே சரிந்து இறந்துபோனார். அவர் மனைவி தையல்காரி. "வீட்டுப் பக்கத்துலயே வேற ஆஸ்பத்திரி இருந்துச்சு. பத்து நிமிஷம்னு பேப்பர்ல போட்டிருந்துச்சேன்னு நான்தான் இங்க கூட்டிட்டு வந்தேன்" என்று அந்த அம்மாள் அழாமல் சொன்னதை ஊரே தொலைக்காட்சியில் பார்த்தது. மருத்துவமனை ஓர் அறிக்கை விட்டது. நோயாளி வலியை மறைத்துத் தாமதமாக வந்தார், விளம்பரம் ஓர் ஊழியரின் கவனக்குறைவு, அவர் நீக்கப்பட்டுவிட்டார்.

அந்த ஊழியர் வாயாடி.

அம்மாவிடம் போனாள். "அக்கா குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும். வாயை மூடிக்கிட்டு இரு" என்றாள் அம்மா. அக்கா அதற்கும் ஒரு படி மேலே போனாள். "நீ ஒண்டிக்கட்டை, எப்படியும் சமாளிச்சுடுவே. எங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குடி."

பச்சை மைப் பிரதி அப்போது அவள் கைப்பையில்தான் இருந்தது. எடுத்து வீசியிருக்கலாம். வீசினால் அது குடும்பச் சண்டை; நாலு நாள் கத்திவிட்டு ஆறிப்போகும். அவளுக்கு ஆற வேண்டாம். எந்தத் தொழிலை வைத்து அவளைக் குத்தினாரோ அந்தத் தொழிலாலேயே, எந்த ஊர் முன்னால் அவளை நிறுத்தினாரோ அந்த ஊர் முன்னாலேயே அவர் விழ வேண்டும். வாயாடி வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பயப்பட வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ரயில் பாதைக்கு அப்பால் அறுபது கட்டில் கொண்ட ஒரு பழைய மருத்துவமனை, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை நடத்திய டாக்டரம்மா, வேலை தேடி வந்த வாயாடி சொன்ன யோசனையைக் கேட்டுச் சிரித்தேவிட்டார்.

"வாசல்ல பலகை வெச்சு, 'இப்போது காத்திருக்கும் நேரம் ஐம்பது நிமிடம்'னு போடணுமா? எவன்மா உள்ள வருவான்?"

"வருவான் டாக்டர். ஐம்பதுன்னு தெரிஞ்சவன் ஒரு டீ குடிச்சுட்டு வந்து உக்காருவான். பத்துன்னு நம்பினவன் பதினோராவது நிமிஷம் சட்டையைப் பிடிப்பான்."

"நெஞ்சு வலின்னு வந்தா?"

"அவங்களுக்குப் பலகையே கிடையாது. நேரா உள்ள. அதை உங்க ஆளுங்களுக்கு நான் பழக்கறேன்."

பழக்கினாள். கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு, தானே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து விழுவாள். காவலாளி, வரவேற்புப் பெண், நர்ஸ் எல்லோரும் ஓடி வர வேண்டும். முதல் தடவை ஆறு நிமிடம். முப்பதாவது தடவை ஒன்றரை. "நிஜமா வந்தாக்கூட இந்தம்மான்னு நினைச்சு எழுப்பி விட்ருவேன் போல" என்று காவலாளி அலுத்துக்கொண்டார். மாதா மாதம் புகார்களையும், அவற்றுக்கு என்ன செய்தார்கள் என்பதையும் அச்சடித்து வரவேற்பறையில் தொங்கவிட்டாள். ஊர் முதலில் சிரித்தது, பிறகு படித்தது, அப்புறம் வரத் தொடங்கியது. மக்கள் மேல் எவ்வளவு அக்கறை என்று டாக்டரம்மா மெச்சியபோது வாயாடி தலையைக் குனிந்துகொண்டாள். பலகையில் ஒவ்வொரு முறை எண்ணை மாற்றி எழுதும்போதும் அவள் மனதில் இருந்தது அத்தானின் முகம் ஒன்றுதான்.

ஒன்பதாவது மாதம் வாய்ப்பு வந்தது. நாலாயிரம் பேர் வேலை பார்க்கும் ஆலை, தன் தொழிலாளர்களின் சிகிச்சைக்கு ஒரு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் கூட்டியது. பன்னிரண்டு வருடமாக அது அத்தானின் கோட்டை. அவர் படம் காட்டினார், வரைபடம் காட்டினார். தொழிற்சங்கத் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரே கேள்வி கேட்டார்.

"போன மாசம் அவசரப் பிரிவுல சராசரியா எவ்வளவு நேரம் காக்க வெச்சீங்க?"

அந்தக் கேள்வியை முந்தின வாரம் தலைவர் காதில் போட்டவள் வாயாடி. தன் மருத்துவமனையின் அதுவரையிலான எண்களையும் கொடுத்திருந்தாள்.

அத்தான் தண்ணீர் குடித்தார். "சரியான விவரம் அனுப்பி வைக்கிறோம். பழைய விளம்பரத்தை மனசுல வெச்சுக் கேக்கறீங்கன்னு தெரியுது. அது வேலையை விட்டுப் போன ஒருத்தரோட தப்பு."

அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். எதிர்ப்பக்கம் டாக்டரம்மாவோடு உட்கார்ந்திருந்தவள் எழுந்து போய், பிரதியைச் சங்கத் தலைவரின் முன்னால் விரித்தாள். பச்சை மை கொஞ்சமும் மங்கவில்லை. அந்த மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகப் படித்தார்கள். அத்தான் மட்டும் படிக்கவில்லை. அவருக்குப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆலையின் ஒப்பந்தம் டாக்டரம்மாவின் மருத்துவமனைக்குக் கைமாறியது. தையல்காரியின் வழக்கும் நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்ததால், அத்தான் மருத்துவமனையின் நிர்வாகக் குழுத் தலைவர் ஆடிப்போய் வாயாடியை அழைத்தார்.

"பழைய வேலையே தர்றோம்மா. மேல என்ன வேணும்னாலும் கேளுங்க."

"வேலை வேண்டாம். அதே பேப்பர்ல, அதே அரைப் பக்கம். அவர் பேர்ல. நான் எழுதறேன், அவர் கையெழுத்துப் போடட்டும். இல்லைன்னா அந்தப் பிரதி கோர்ட்டுக்குப் போகும்."

மறுநாள் தலைவரின் அறையில் அத்தான் அந்தத் தாளைப் படித்தார். கை பழக்கத்தில் பேனா மூடியைத் திறந்தது.

"'ஏற்பட்ட தாமதத்துக்கு வருந்துகிறோம்'னு மாத்திக்கலாமே."

"வருந்துகிறோமா? எத்தனை பேரு நீங்க?"

"நிறுவனம்னா அப்படித்தான் எழுதறது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். பதினேழு வருஷம் நான்தானே எழுதினேன். 'நான்'னே இருக்கட்டும்."

"'பொய்'ங்கிறதை 'தவறான தகவல்'னு..."

"பொய் அத்தான். ரெண்டே எழுத்து. இடமும் மிச்சம்."

அவர் குரல் இறங்கியது. "வாயாடி, நான் உன் அக்கா புருஷன்."

"அன்னைக்கு எல்லார் முன்னாலயும் 'அவங்க'ன்னீங்களே, அப்ப நீங்க எனக்கு யாரு?"

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தான் கையெழுத்துப் போட்டார். நெற்றி வியர்வை ஒரு சொட்டு தாளில் விழுந்தது. அதைத் துடைக்கப் போனவரை அவள் தடுக்கவில்லை; துடைத்து முடிக்கும் வரை ஆற அமரப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தேதியும் போடுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் அது வந்தது. 'பத்து நிமிடம் என்று நான் சொன்னது பொய். பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். அந்த ஓட்டுநர் தாமதமாக வரவில்லை. நாங்கள்தான் அவரைப் பார்க்கவில்லை. என் பழியை, என்னைத் தடுத்த ஊழியர் மேல் போட்டேன்.' அந்த வாரமே அவர் பதவி போயிற்று.

நாளிதழை எடுத்துக்கொண்டு வாயாடி தையல்காரி வீட்டுக்குப் போனாள். அந்த அம்மாள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, விரலை வைத்து வரி வரியாக இரண்டு தடவை படித்தாள். ஆலைக் கூட்டத்தில் காட்டியதாக ஊர் பேசிய பச்சை மைப் பிரதியைப் பற்றிக் கேட்டாள். வாயாடி சொன்னாள்.

"அது அப்பவே உங்க கையில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஒன்பது மாசம் ஊரு என் வீட்டுக்காரரை, வலியை மறைச்சு அவரே தேடிக்கிட்டதுன்னு பேசுச்சு. என் மாமியாரே பேசுனாங்க. அப்பல்லாம் உங்க பையில இருந்துச்சா?"

வாயாடி ஆமென்று தலையாட்டினாள். தையல்காரி இயந்திரத்தை ஓட்டத் தொடங்கினாள். போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலில் அக்கா நின்றிருந்தாள். "ஊரே படிச்சுடுச்சு. பிள்ளைங்க பள்ளிக்கூடம் போக மாட்டேங்குது. மனசு குளிர்ந்துச்சா உனக்கு?"

"குளிர்ந்துச்சு" என்றாள் வாயாடி. அத்தானைப் பொறுத்தவரை அது முழு உண்மை.

அக்கா படியிறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. தையல்காரியின் வழக்கு விசாரணைக்கு வந்த ஒவ்வொரு நாளும் வாயாடி விடுப்புப் போட்டுவிட்டுச் சாட்சி சொல்லப் போனாள். தேவைப்படாத நாளிலும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.