வெள்ளத்துக்கு விட்ட புல்வெளி

தாசேக் கெலுகோரில் செம்பனைக் காட்டை ஒட்டிய புல்வெளியில் குணவதி மாடு மேய்த்தாள். கணவர் இறந்த பிறகு பால் கறப்பதும் அவள்தான், விற்பதும் அவள்தான். அது அரசாங்க நிலம். மாட்டுக்காரர்கள் எல்லாரும் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, அவள் நில அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அதை மேய்ச்சலுக்கென்றே ஒதுக்க வைத்தாள். அதைப் பார்த்துத்தான் கட்சி அவளைத் தேர்தலில் நிறுத்தியது. பக்கத்துப் பட்டிக்காரர் பக்கிரிசாமி தன் லாரியில் கொடி கட்டி ஓட்டுக் கேட்டார். குணவதி ஜெயித்து ஜார்ஜ்டவுன் சட்டமன்றத்துக்குப் போனாள்.

இரண்டாம் முறையும் ஜெயித்த பிறகு பெருவெள்ளம் வந்தது. கம்பம் என்று சொல்லப்படும் தாழ்வான கிராமமொன்றில் படுக்கையாய்க் கிடந்த தகப்பனைத் தூக்கப் போன ரொஸ்னா என்ற பெண்ணும் அவரோடு மூழ்கிப்போனாள். வெள்ளத்தைத் தேக்க ஒரு குளம் வேண்டும், அதற்கு அந்தப் புல்வெளிதான் தோது என்றார்கள் பொறியாளர்கள். குணவதி வேறு இடம் தேடச் சொன்னாள். தேடினார்கள், அமையவில்லை.

பக்கிரிசாமி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நீ வேணாம்னு சொன்னா நிப்பாட்டிருவாங்கல்ல, தங்கச்சி."

"ரெண்டு உசிரு போயிருச்சுண்ணே. மறுபடியும் பஞ்சிர் வந்து வெள்ளம் ஏறினா நான் என்ன சொல்றது?"

"அப்ப எங்க மாட்டுக்கு மேய்ச்சல்?"

"கெப்பாலா பத்தாஸ் பக்கம் நெலம் கேட்டு வாங்கியிருக்கேன். சின்னதுதான்."

அவர் வாசலை விட்டு இறங்கினார். "சரிங்க வைபி" என்று சொல்லிவிட்டுப் போனார். சட்டமன்ற உறுப்பினரை எல்லாரும் கூப்பிடும் விதம்தான். அவர் மட்டும் அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

சட்டமன்றத்தில் அவள் குளத்தை ஆதரித்துப் பேசினாள். முதலில் தன் மாடுகளைத்தான் புது இடத்துக்கு ஓட்டிப் போனாள். அங்கே புல் போதாமல் பாதியை விற்றாள். பக்கிரிசாமி எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஆயர் ஈத்தாமில் மகளின் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த தேர்தலில் மாட்டுக்காரர்கள் யாரும் அவளுக்கு ஓட்டுப் போடவில்லை. கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றாள்.

குளம் வெட்டிய பின் வந்த முதல் மழைக்காலம் முடிந்ததும் பக்கிரிசாமியைப் பார்க்கப் போனாள். அவரே தேநீர் கொண்டு வந்து வைத்தார்.

"கம்பத்துல தண்ணி ஏறலையாமே?"

"ஏறலண்ணே."

"நல்லது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "காலையில எந்திரிச்சா என்ன செய்யறதுன்னே தெரியல."

குணவதி தேநீரைக் குடித்து முடித்தாள். அவர் அவளைப் போகச் சொல்லவில்லை. பொழுது சாயும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.